கஞ்சாவை நிறுத்திய பிறகும் தொடரும் தொல்லைகள்: மூன்று மாத மீட்சிக்கான முழுமையான வழிகாட்டி

கஞ்சாவை நிறுத்த வேண்டும் என்று உண்மையாகவே முடிவெடுத்தவர்களில் பலர், முதல் சில நாட்களிலேயே அந்த முடிவைக் கைவிட்டுவிடுகிறார்கள். தூக்கம் போய்விடுகிறது, சோறு இறங்குவதில்லை, வீட்டில் யார் எது சொன்னாலும் எரிச்சல் பொங்குகிறது, இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. இந்த நிலையில் ஒரு முறை புகைத்ததும் எல்லாம் அடங்கிவிடுவதால், ‘இது இல்லாவிட்டால் என்னால் இயல்பாக இருக்க முடியாது’ என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. நடப்பதோ வேறு. இத்தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. எது எந்த வாரத்தில் வரும், எது எப்போது தணியும் என்று தெரிந்திருந்தால் அவற்றைத் தாண்டுவது பாதி எளிதாகிவிடுகிறது. அந்த அட்டவணைக்குள் அடங்காத சில அறிகுறிகளும் உண்டு. அவற்றைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

2019-இல் வெளியான இந்திய அரசின் தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 2.8 விழுக்காட்டினர், அதாவது 3.1 கோடி பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியிலிருந்து வரும் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தனர். இத்தனை பேர் தொடர்புடைய விஷயத்தில், நிறுத்திய பிறகு உடம்பு என்ன பாடுபடும் என்பதைப் பற்றித் தமிழில் பொறுமையாக எழுதப்பட்டவை குறைவு. கிடைப்பவற்றில் பாதி பயமுறுத்துகின்றன. மீதி ‘மூலிகைதானே, ஒன்றும் ஆகாது’ என்கின்றன. இரண்டுமே நோயாளிக்கு உதவாது.

முதலில் பார்க்க வேண்டியவை: தள்ளிப்போடக் கூடாத நிலைகள்

கீழே சொல்லப்படும் படிகளுக்குள் போவதற்கு முன், பின்வரும் நிலைகளில் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தமான வலி, மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். கஞ்சா இதயத் துடிப்பை விரைவுபடுத்துவதால், இளம் வயதினருக்கும் மாரடைப்பு நேர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன; ‘இந்த வயதில் வாயுவாகத்தான் இருக்கும்’ என்று ஓமத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து. ஒரு நாள் முழுவதும் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தியாகி, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால், அது ‘சும்மா தோன்றியது’ போலிருந்தாலும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம்; 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நம்புவது போன்றவற்றைப் பற்றித் தனியாகக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை கஞ்சாவோடு மற்றவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களுக்கு. கஞ்சாவைத் திடீரென்று நிறுத்துவதால் உயிருக்கு ஆபத்து வருவதில்லை. தினமும் அதிகமாக மது அருந்துபவரோ, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளைத் தினமும் விழுங்குபவரோ அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்து உயிரே போகக்கூடும். அத்தகையவர்கள் வீட்டில் தாமாக நிறுத்த முயலாமல், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நிறுத்த வேண்டும்.

முதல் படி: கணக்கை எழுதி வையுங்கள்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில், எந்த வயதில் தொடங்கியது, எத்தனை ஆண்டுகளாகத் தினசரிப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, கடைசியாக எந்தத் தேதியில், எந்த வடிவில் என்பவற்றை எழுதுங்கள். வடிவம் முக்கியமானது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வரும் உலர்ந்த கஞ்சாவும், அண்மைக் காலமாகத் தாய்லாந்திலிருந்து வரும்போது சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் ‘ஹைட்ரோபோனிக்’ (மண்ணில்லாமல் நீரில் வளர்க்கப்படும்) கஞ்சாவும் வீரியத்தில் ஒன்றல்ல. இரண்டாவதில் போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் பொதுவாகப் பல மடங்கு அதிகம். சாக்லேட் வடிவில் தின்றவர்களுக்கு அதன் விளைவு மெதுவாகத் தொடங்கி நீண்ட நேரம் நிற்கும்.

அடுத்த வரியில், வேறு என்னென்ன என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். வலி நிவாரண மாத்திரைகளைப் பொடித்து நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தின் பல ஊர்களில் பரவியிருக்கிறது. ஒரே ஒரு முறை பிறர் பயன்படுத்திய ஊசியால் ஏற்றிக்கொண்டிருந்தாலும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியம். கல்லீரல் அழற்சி சி பெரும்பாலும் 12 வார மாத்திரைகளால் முற்றிலும் குணமாகக்கூடியது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் அதற்கான சிகிச்சை இலவசம்.

இதற்குப் பிறகு, ஒவ்வொரு நாளும் நான்கு வரி போதும்: எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு விழித்தது, என்ன சாப்பிட்டது, உடம்பில் என்ன தொல்லை, மனம் எப்படி இருந்தது. உதாரணமாக ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: ‘நாள் 4. இரவு 1 மணிக்குத்தான் தூக்கம், 3.10-க்கு விழிப்பு, பனியன் நனைந்திருந்தது. காலையில் ஒரு இட்லி, மதியம் மோர் மட்டும். தலைவலி. அம்மாவிடம் கத்தினேன். மாலை 6 மணிக்குப் புகைக்க வேண்டும் போல அரை மணி நேரம், பிறகு அடங்கியது.’ இதைப் படிக்கும் மருத்துவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடுவது, நேரில் கேட்டால் அரை மணி நேரத்திலும் வெளிவராது. எழுதியவருக்கும் பயனுண்டு, பத்தாம் நாள் எழுதும்போது நான்காம் நாளைத் திருப்பிப் பார்த்தால், மாற்றமே இல்லை என்று மனம் சொல்வது பொய் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: முதல் இரண்டு வாரங்களைக் கடப்பது

டி.எச்.சி. நம் மூளையில் இயல்பாகவே உள்ள சில ஏற்பிகளில் (வேதிச் செய்திகளைப் பெறும் மூலக்கூறுகளில்) போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. தினமும் வெளியிலிருந்து அது கொட்டப்படும்போது, மூளை தன் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. நிறுத்திய உடனே, குறைந்துபோன ஏற்பிகளோடு மூளை இயங்க வேண்டியிருப்பதால்தான் எரிச்சலும் பதற்றமும் தூக்கமின்மையும் வருகின்றன. மூளையைப் படம் பிடித்துச் செய்த ஆய்வுகளில், நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்தே ஏற்பிகள் மீளத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் பழக்கமில்லாதவர்களின் அளவை நெருங்குவது தெரியவந்திருக்கிறது. ஆகவே முதல் வாரத்தில் இருக்கும் மூளையை வைத்து, மீதி வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

அறிகுறிகள் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு நாட்களில் தொடங்கி, முதல் வாரத்திற்குள் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பகுதி தணிந்துவிடுகின்றன. பசி முதலில் திரும்புகிறது. அதுவரை முழுச் சாப்பாட்டை வற்புறுத்தி ஊட்ட வேண்டியதில்லை. இட்லி, ரசம் சாதம், மோர், இளநீர், வாழைப்பழம் என்று சிறுகச் சிறுக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே போனால் போதும். உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, காலையில் வெயில் ஏறும் முன் அரை மணி நேர நடை, தூக்கத்துக்கும் மனநிலைக்கும் ஒருசேர உதவுகிறது. வீட்டார் இந்த நாட்களில் பழைய கணக்குகளைத் தீர்க்க முற்படாமல் இருப்பது நல்லது. ‘நீ பண்ணின காரியத்துக்கு...’ என்று தொடங்கும் எந்தப் பேச்சும் மூன்று வாரம் கழித்துப் பேசினால் கெட்டுப்போய்விடாது.

பலரும் கவனிக்காத ஒன்று புகையிலை. நம் ஊரில் கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர்கள் குறைவு; சிகரெட் அல்லது பீடித் தூளோடு கலந்துதான் பெரும்பாலும் சுருட்டப்படுகிறது. கஞ்சாவை நிறுத்தும் நாளில் நிகோடினும் நின்றுபோனால் இரண்டையும் நிறுத்துவதால் வரும் விலகல் தொல்லைகள் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. கஞ்சாவை மட்டும் நிறுத்திவிட்டுச் சிகரெட்டை இரட்டிப்பாக்கினாலோ, ஒவ்வொரு சிகரெட்டும் பழைய நினைவைக் கிளப்புகிறது. நிகோடின் சூயிங்கம்மின் உதவியோடு இரண்டையும் சேர்த்து நிறுத்துவது பெரும்பாலோருக்குச் சரியான வழி என்பது என் கருத்து. 2 மில்லிகிராம் கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சாதாரண பபிள்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாகச் சில முறை மென்று, நாக்கில் சுறுசுறுவென்று உணர்ந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, சுறுசுறுப்பு அடங்கிய பின் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் காப்பி, டீ, குளிர்பானம் எதுவும் குடித்திருக்கக் கூடாது.

மூன்றாம் படி: தூக்கத்தை மீட்பது

எல்லாத் தொல்லைகளிலும் நீண்டு நிற்பது இதுதான்; சிலருக்கு ஒரு மாதம் தாண்டியும் தொடர்கிறது. கஞ்சா, கனவு காணும் தூக்கக் கட்டத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அந்தக் கட்டம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வருவதால், பல ஆண்டுகளாகக் கனவே வராதவர்களுக்குத் துல்லியமான, விசித்திரமான, சில சமயம் அச்சமூட்டும் கனவுகள் இரவு முழுவதும் வருகின்றன. செத்துப்போன பாட்டி வந்து பேசுவதும், மறுபடி புகைப்பதாகக் கனவு கண்டு குற்றவுணர்வோடு திடுக்கிட்டு விழிப்பதும் மிகவும் சாதாரணம். இவற்றை மனநோயின் தொடக்கமாகவோ, தெய்வக் குற்றமாகவோ எண்ண வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான்: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் தவிர்க்க முடியாவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். பிற்பகலுக்குப் பிறகு காப்பியும் டீயும் வேண்டாம். படுத்து இருபது முப்பது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால், புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படித்துவிட்டு, தூக்கம் சொக்கும்போது திரும்ப வாருங்கள். கைப்பேசியைப் படுக்கைக்கு எடுத்துப் போகாதீர்கள். இது எல்லோரும் சொல்லும் அறிவுரைதான் என்றாலும், இந்த நான்கு வாரங்களில் அதற்குத் தனி அவசியம் உண்டு: பொருள் விற்பவரின் எண்ணும், சேர்ந்து புகைத்தவர்களின் குழுவும் அதற்குள்தான் இருக்கின்றன. விழித்திருக்கும் இரவு இரண்டு மணியைவிட மோசமான நேரம் அதற்குக் கிடையாது.

தூக்கத்துக்காக ஒரு குவார்ட்டர் என்று தொடங்கியவர்கள் கஞ்சாவிலிருந்து மதுவுக்கு இடம்பெயர்ந்ததைத் தவிர வேறெதுவும் சாதித்ததில்லை. தெரிந்த மருந்துக் கடைக்காரரிடம் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்குவதும் அப்படியே. தூக்கமின்மை பொறுக்க முடியாத அளவுக்குப் போனால் மனநல மருத்துவரே குறுகிய காலத்துக்கு ஏதேனும் எழுதித் தருவார். கஞ்சா விலகலுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லாததால், அவர் தரும் மருந்துகள் அந்தந்த அறிகுறிக்கானவை.

நான்காம் படி: நிற்காத வாந்தி இருந்தால்

மருத்துவர்களுக்கே சில சமயம் தவறிவிடும் ஒரு நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து கஞ்சா பயன்படுத்தியவர்களில் சிலருக்கு, அதிகாலைக் குமட்டலில் தொடங்கி, பிறகு ஒரு நாளில் பலமுறை வாந்தி, நடு வயிற்றில் பிசையும் வலி என்று சுழற்சி முறையில் வந்துபோகும் ஒரு தொல்லை ஏற்படுகிறது. 2004-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பகுதி மருத்துவர்கள் இதை முதன்முதலாக விரிவாகப் பதிவுசெய்தார்கள். இதன் தனி அடையாளம் வெந்நீர். வாந்தி வந்தவர் குளியலறையை விட்டு வெளியே வருவதில்லை. வாளித் தண்ணீர் ஆறியதும் மறுபடி ஹீட்டரைப் போடச் சொல்கிறார். முதுகும் தோளும் சிவந்து கன்றிப்போயிருக்கின்றன. குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருக்கும் வரை குமட்டல் இல்லை, துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த பத்தாவது நிமிடம் மீண்டும் தொடங்கிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றுகிறது. தோலில் சூட்டை உணரும் ஏற்பிகள் வழியாக வாந்தி உணர்வு தற்காலிகமாக அடங்குவதாகக் கருதப்படுகிறது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் களிம்பை வயிற்றில் தடவினால் சிலருக்கு நிவாரணம் கிடைப்பதும் இதே காரணத்தால்தான் என்கிறார்கள். வீட்டு மிளகாய்த் தூளை அரைத்துத் தடவும் வேலை மட்டும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், கஞ்சா குமட்டலைத் தணிக்கும் என்ற பொதுவான நம்பிக்கையால் நோயாளி வாந்தி வந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் புகைக்கிறார். மருத்துவமனையில் கஞ்சாப் பழக்கத்தைச் சொல்வதில்லை. எண்டோஸ்கோபி, ஸ்கேன், அல்சர் மாத்திரை என்று மாதங்களும் பணமும் கரைகின்றன. முடிவில் ‘எல்லாம் நார்மல்’ என்ற அறிக்கை. வழக்கமான வாந்தி மாத்திரையான ஆன்டன்செட்ரான் இதற்குப் பலருக்கு வேலை செய்வதில்லை. ஹாலோபெரிடால் போன்ற வேறு வகை மருந்துகள் மருத்துவமனையில் தரப்படுகின்றன. ஆகவே மருத்துவரிடம், ‘இத்தனை வருடமாகத் தினமும் கஞ்சா புகைத்தேன், வெந்நீரில் குளித்தால் மட்டும் வாந்தி நிற்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்களாக இருந்தால் கருத்தரிப்புச் சோதனையும், எல்லோருக்கும் கணையம், பித்தப்பை, குடலடைப்பு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்ற உறுதிப்படுத்தலும் அதன் பிறகு நடக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது ஓ.ஆர்.எஸ். பொடியின் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுமையாகக் கரைத்து, ஒரு தேக்கரண்டி வீதம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். மணிக்கணக்கில் வெந்நீரில் குளிப்பது வியர்வையால் நீரிழப்பைக் கூட்டுகிறது. வாந்தியோடு அதுவும் சேர்ந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. நிரந்தரத் தீர்வு முற்றிலும் நிறுத்துவது மட்டுமே. நிறுத்திய சில நாட்களில் சுழற்சி அடங்கினாலும், முழுமையாக விடுபடச் சில மாதங்கள் ஆகலாம். இடையில் ஒருமுறை புகைத்தாலும் திரும்பி வரக்கூடும்.

ஐந்தாம் படி: மனத்தில் நடப்பதைப் பிரித்தறிவது

இங்கேதான் பயமும் அலட்சியமும் இடம் மாறிப்போகின்றன. பயப்பட வேண்டாத ஒன்றுக்கு இளைஞர்கள் நடுங்குகிறார்கள். பயப்பட வேண்டிய ஒன்றைக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகின்றன.

முதல் வகை இப்படி இருக்கும்: சுற்றியுள்ள உலகம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருப்பது போலவும், தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்பது போலவும் தோன்றும், நெஞ்சு படபடக்கும், ‘எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஒரு நாள் அளவுக்கு மீறிப் புகைத்தபோது ஏற்பட்ட பீதியின் பின் இது வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. இதில் கவனிக்க வேண்டியது, தனக்கு நேர்வது இயல்பானதல்ல என்ற தெளிவு அவருக்கு முழுமையாக இருக்கிறது என்பதுதான். பதற்றத்தோடு தொடர்புடைய இந்த நிலை பெரும்பாலும் மெல்ல விலகிவிடுகிறது. அது வரும்போது அதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருப்பது அதை வளர்க்கும். குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, கையில் உள்ள வேலையைத் தொடர்வது, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குவது ஆகியவை உதவும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்துப் படிப்பையோ வேலையையோ தடுத்தால் ஆலோசனையும் சிகிச்சையும் தேவை.

இரண்டாம் வகையில் அந்தத் தெளிவு இருக்காது. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், கைப்பேசியில் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று உறுதியாக நம்புவார். யாரும் இல்லாதபோது குரல்கள் கேட்கும். தனியே சிரிப்பார், அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வார், நாட்கணக்கில் தூங்க மாட்டார். இது மனச்சிதைவு சார்ந்த நிலை. புகைத்த மயக்கத்தில் சில மணி நேரம் இருந்து மறைந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகும் தொடர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கஞ்சாவால் இந்நிலை ஏற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னாளில் ஸ்கிசோஃப்ரினியா என்ற நீடித்த மனச்சிதைவு நோய் கண்டறியப்பட்டது. ஆகவே ‘கஞ்சாவால் வந்தது, கஞ்சா நின்றதும் போய்விடும்’ என்று மருந்தைப் பாதியில் நிறுத்துவது பெரும் தவறு. எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். ஓலன்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பவர் புகைப்பிடிப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயர்ந்துவிடும் என்பதால், சிகரெட்டை நிறுத்தும் செய்தியையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செய்வினை என்று நினைத்து மந்திரிக்க அழைத்துப் போவதில் நாட்கள் கழிகின்றன. சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. அது சிகிச்சைக்குப் பதிலாகிவிடக் கூடாது. சங்கிலியால் கட்டிவைக்கும் இடங்களில் விடுவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கட்டிவைக்கும் எண்ணம் சில குடும்பங்களை விட்டு இன்னும் போகவில்லை.

ஆறாம் படி: நுரையீரலும் மற்றவையும்

காலை நேர இருமலும் சளியும் நிறுத்திய பிறகு சில வாரங்களில் குறையத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அதிலும் மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்திருந்தால், அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூடிய அறையில் ஒரே சிலும்பியை நாலு பேர் கைமாற்றிப் புகைத்த இடத்தில் காசநோய் பரவ எல்லா வாய்ப்பும் உண்டு. கஞ்சா இருமல் என்று நினைத்து அதைத் தவறவிட்டுவிடக் கூடாது.

குழந்தைக்கு முயல்பவர்கள் விந்தணுச் சோதனையை உடனே செய்து கலங்க வேண்டாம். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆவதால், நிறுத்தி மூன்று மாதம் கழித்துச் செய்வதே பொருளுள்ளது. வாய் உலர்ந்து பல்லும் ஈறும் கெட்டிருக்கும். ஒரு முறை பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மறதியும் கவனக் குறைவும் மாணவர்களை அதிகம் வாட்டுகின்றன. தினமும் புகைத்த பெரியவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், நான்கு வாரம் விலகியிருந்த பிறகு நினைவாற்றல் சோதனைகளில் அவர்களுக்கும் மற்றவர்களுக்குமான வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பழகியவர்களிடம் முடிவுகள் இவ்வளவு நம்பிக்கையூட்டுவதாக இல்லை. முதல் மாதத்தில் முக்கியத் தேர்வுகளைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைக்கலாம். முடியாதவர்கள் ஒரே அமர்வில் மூன்று மணி நேரம் படிக்க முயலாமல், அரை மணி நேரத் துண்டுகளாகக் கையால் எழுதிப் படிக்கலாம்.

சிறுநீர்ச் சோதனையைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்குவதால், எப்போதாவது புகைத்தவருக்கு மூன்று நான்கு நாட்களிலும், தினமும் புகைத்தவருக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ கழித்தும்தான் சோதனை முடிவு ‘நெகட்டிவ்’ என்று வரும். நிறுத்தியவர்மீது வீட்டார் நடத்தும் திடீர்ச் சோதனையில் மூன்றாம் வாரத்தில் ‘பாசிட்டிவ்’ வந்தால் அவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. உடம்பைச் சுத்தம் செய்யும் பானம் என்று இணையத்தில் விற்கப்படுபவை எதுவும் இக்காலத்தைக் குறைப்பதாக நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்குப் பழம் வாங்கலாம்.

ஏழாம் படி: யாரிடம் போவது, சட்டம் என்ன சொல்கிறது

கஞ்சா மட்டும் பயன்படுத்திய பெரும்பாலோருக்கு உள்நோயாளியாகச் சேர வேண்டிய தேவையே இல்லை. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்தே ஆலோசனை தருவதில் நீண்ட அனுபவம் உள்ளது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம்.

தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், குடும்பத்தார் நோயாளியோடு பேச அனுமதி உண்டா என்று கேளுங்கள். இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலோ, ‘வீட்டுக்கே வண்டி அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம்’ என்று சொன்னாலோ திரும்பி வந்துவிடுவது மேல்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் வந்துவிடுமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கி, நோயாளியின் தகவல்களை இரகசியமாக வைப்பதை உரிமையாக்கியிருக்கிறது. கஞ்சா உட்கொள்வது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம்தான். அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, அப்பிரிவின் கீழோ சிறிய அளவு தொடர்பான குற்றத்திலோ சிக்கியவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். வழக்கு ஏற்கெனவே இருப்பவர்கள் இப்பிரிவைத் தங்கள் வழக்கறிஞரிடம் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: இடையில் ஒருமுறை தவறினால், மூன்றாம் மாதம் முடிந்தால்

நண்பனின் திருமணத்துக்கு முந்தைய இரவு, ஊர்த் திருவிழா, பரீட்சை முடிந்த மாலை என்று தவறும் தருணங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. அவற்றை நோட்டில் முன்னதாகவே குறித்து, அன்று யாருடன் இருப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். மீறித் தவறிவிட்டால், பழைய அளவைப் புகைக்கவே கூடாது என்பதை நினைவில் வையுங்கள். உடம்பின் தாங்கும் திறன் குறைந்திருப்பதால் அதே அளவு கடும் பீதியையும் படபடப்பையும் கொண்டுவரும், அந்த நிலையில் இருசக்கர வாகனத்தைத் தொடக் கூடாது. மறுநாள் காலை தேதியையும் அளவையும் எழுதிவிட்டுத் தொடருங்கள். ஒரு தவறுதலால் முதல் நாளுக்குப் போய்விடுவதில்லை. அதைத் தொடர்ந்து தினமும் புகைத்தால்தான் ஏற்பிகள் மறுபடி குறையும்.

மூன்று மாதம் முழுவதும் விலகியிருந்தும் தொல்லை மிச்சமிருந்தால், அதைக் கஞ்சாவின் கணக்கில் எழுதுவதை நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டிய நேரம் அது. தொடர்ந்த சோர்வுக்கு இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகிய சோதனைகளைப் பொது மருத்துவர் எழுதித் தருவார். விலகாத சோகமும் பதற்றமும் பலரிடம் கஞ்சாவுக்கு முன்பிருந்தே இருந்தவை. அவற்றை அடக்கவே புகைக்கத் தொடங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு இப்போது தேவைப்படுவது மன அழுத்தத்துக்கான முறையான சிகிச்சை. இருமலுக்கு நெஞ்சக நோய் மருத்துவரையும், வாந்திக்கு இரைப்பை குடல் மருத்துவரையும், படபடப்புக்கு இசிஜியோடு இதய மருத்துவரையும் பார்க்கும்போது, முதல் பக்கத்திலிருந்து எழுதிய அந்த நோட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்.